ஓராண்டு தாமதமாக வரும் வரி

திண்டிவனம் நகராட்சி தந்த ஒரு பிறப்புச் சான்றிதழ், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜப்பானில் ஒரு நகராட்சி போடும் வரியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். கேட்டால் நம்ப முடியாது. ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, முதலில் ஒரு ஜூன் மாதத்துச் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வேலை என்றால் நெடுங்காலம் வளைகுடாவும் சிங்கப்பூரும்தான். கணினிப் பொறியாளர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக டோக்கியோவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே நிஷிகசாய் என்ற பகுதி ஒரு குட்டி இந்தியாவாகவே ஆகிவிட்டது. 2021 ஜனவரியில் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்ற விசாவுக்காக இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு, உணவுத் தொழில், கட்டுமானம், வேளாண்மை ஆகிய வேலைகளுக்கும் அதன்பின் கதவு திறந்தது. அப்படிப் போனவர்கள் ஓர் ஆண்டுக்குப் பிறகு வீட்டுக்குப் போன் செய்யும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "அப்பா, சம்பளம் அதேதான். ஆனா கைக்கு வர்றது கொறஞ்சிருச்சு."

கம்பெனி ஏமாற்றிவிட்டதோ என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படி எதுவும் இல்லை. அவருடைய சம்பளத்தில் 'ஜூமின்ஸெய்' வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் குடியிருப்பு வரி என்று சொல்லலாம். ஓர் ஊரில் குடியிருப்பதற்காக அந்த ஊருக்குக் கட்டும் வரி. தேசிய வருமான வரி இதிலிருந்து வேறு. அது மாதாமாதம் சுடச்சுடப் பிடிக்கப்படுகிறது. குடியிருப்பு வரி மட்டும் ஆறப்போட்டுப் பிடிக்கப்படுகிறது.

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 1 அன்று வேலைக்குச் சேர்கிறார். மாதம் இரண்டரை லட்சம் யென். ஒரு யென் நம் காசில் அரை ரூபாய்க்குச் சற்று மேல். ஆக ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேலான சம்பளம். சம்பள உயர்வு கிடையாது, போனஸ் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலிலிருந்து 2025 மே வரை, பதினான்கு மாதம், குடியிருப்பு வரி பூஜ்யம். 2025 ஜூனிலிருந்து மாதம் சுமார் 6,200 யென். 2026 ஜூனிலிருந்து மாதம் சுமார் 9,700 யென். சம்பளம் ஒரு யென்கூட ஏறவில்லை. வரி மட்டும் இரண்டு படி ஏறிவிட்டது.

எப்படி? நம் பக்கத்து நெல் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்று நடும்போது யாரும் மூட்டைக் கணக்குப் பேசுவதில்லை. அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, அளந்த பிறகே பங்கு. ஜப்பான் நகராட்சியும் அப்படித்தான். ஜனவரி முதல் டிசம்பர் வரை நீங்கள் சம்பாதித்து முடியும்வரை காத்திருக்கிறது. அடுத்த ஜனவரி 31-க்குள் கம்பெனி உங்கள் ஆண்டு வருமானத்தை நகராட்சிக்கு எழுதி அனுப்புகிறது. நகராட்சி மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. மே மாத முடிவுக்குள் கம்பெனிக்கு ஓர் அறிவிப்பு போகிறது. ஜூனில் முதல் பிடித்தம். அடுத்த ஆண்டு மே வரை பன்னிரண்டு தவணை.

முதல் ஆண்டு பிடிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஜப்பானிலேயே இல்லை. இரண்டாம் ஆண்டு பிடிப்பது முதல் ஆண்டின் ஒன்பது மாதச் சம்பளத்துக்கு. மூன்றாம் ஆண்டில்தான் முழுப் பன்னிரண்டு மாதமும் கணக்கில் வருகிறது. உயர்வதுபோலத் தெரிவது வரியின் விகிதமே அல்ல. அது எப்போதும் பத்து சதவீதம்தான். முந்தைய ஆண்டின் நிழல் முதலில் கால்வாசி குறைந்தும், பிறகு முழுதாகவும் நம்மேல் விழுகிறது, அவ்வளவே.

இந்தத் தாமதத்துக்கு ஒரு நன்மை உண்டு. கணக்கு முடிந்த பிறகு பிடிப்பதால் கூடுதலாகப் பிடித்துத் திருப்பித் தரும் வேலை பெரும்பாலும் இல்லை. கொடுமையும் உண்டு. இந்த ஆண்டு வேலை போய்விட்டாலும், போன ஆண்டின் நல்ல சம்பளத்துக்கான வரிச்சீட்டு ஜூனில் வீட்டுக்கு வந்துவிடும். களஞ்சியம் காலியான பிறகு போன போகத்துப் பங்கைக் கேட்பதுபோல. முதல் பதினான்கு மாதம் கையில் கூடுதலாக நிற்பதைச் செலவழித்துவிட்டவர்களுக்கு ஜூன் சுடும்.

வரிக்குள்ளே இரண்டு பகுதிகள். ஒன்று, வருமானத்தில் பத்து சதவீதம்: மாகாணத்துக்கு நான்கு, நகராட்சிக்கு ஆறு. டோக்கியோவில் இருந்தாலும், வடகோடி ஹொக்கைடோவின் ஒரு சிற்றூரில் இருந்தாலும் ஏறத்தாழ இதே விகிதம்தான். நகோயா மாநகரம் தன் பங்கைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, யோகோஹாமா பசுமைக்கென்று ஆண்டுக்கு 900 யென் கூட்டியிருக்கிறது. இப்படிச் சில விதிவிலக்குகள். இன்னொரு பகுதி தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை: ஆண்டுக்கு 5,000 யென். இதற்குள்ளும் ஒரு சின்னக் கதை இருக்கிறது. 2011 சுனாமிக்குப் பின், பேரிடர்த் தடுப்புப் பணிகளுக்காக 2014 முதல் 2023 வரை தலைக்கு 1,000 யென் கூடுதலாக வாங்கினார்கள். பத்தாண்டு முடிந்தது, 1,000 யென் போனது. 2024-இல் அதே 1,000 யென் காடு வளர்ப்புக்கான வரி என்ற புதுப் பெயரில் வந்து உட்கார்ந்தது. மொத்தம் மாறவில்லை, கடலுக்குப் பயந்து கொடுத்த காசு காட்டுக்குப் போகிறது.

பத்து சதவீதம் என்றால் முப்பது லட்சம் யென் ஆண்டுச் சம்பளத்துக்கு மூன்று லட்சம் போய்விடுமே என்று தோன்றும். போகாது. வரிக்கு முன்னால் கழிவுகள் நிற்கின்றன. கழிவு என்றால், இந்தத் தொகைக்கு வரி வேண்டாம் என்று சட்டம் ஒதுக்கித் தருவது. சம்பளக்காரர் என்பதற்காக 9,80,000 யென் கழிகிறது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று கட்டியது சுமார் 4,50,000. மனிதராக இருப்பதற்காக எல்லோருக்கும் 4,30,000. மிச்சம் பதினொன்றரை லட்சம் யென் அளவுக்குத்தான் பத்து சதவீதம். ஒரு சிறு தள்ளுபடியைக் கழித்து, தலைத்தொகையைக் கூட்டினால் ஆண்டுக்கு சுமார் 1,16,500 யென் வருகிறது.

இதைப் பன்னிரண்டால் வகுத்தால் 9,708 யென்னும் சில்லறையும். நூறுக்குக் கீழே உள்ளதை உதறி, பதினோரு மாதம் 9,700 யென் பிடிக்கிறார்கள். உதறிய சில்லறையை எல்லாம் திரட்டி ஜூனிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதனால் ஜூனில் மட்டும் 9,800. சம்பளச் சீட்டில் ஜூன் மாத எண் மற்ற மாதங்களைவிடக் கொஞ்சம் பருத்திருப்பதன் மர்மம் இதுதான். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

ரூபாயில் மாற்றிப் பார்ப்பதைவிட, இத்தகைய வரியை நாள்கூலியில் அளப்பது நல்லது என்பது என் எண்ணம். 1,16,500 யென் என்பது அந்த இளைஞரின் ஏறத்தாழ பதினான்கு நாள் சம்பளம். நம்மூரில் இதற்கு நெருங்கிய உறவு தொழில் வரி. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வேலை பார்ப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988-இல் வைத்த வரம்பு, இன்றுவரை நகரவில்லை. மாதம் ஒன்றேகால் லட்சம் வாங்குபவருக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கும் கீழே. நம் உள்ளாட்சிகளுக்கு வருமானம் வேண்டுமென்றால் கை வைக்க வேறு இடம் தேட வேண்டும். அந்த இடம் வீடு. 2022-இல் தமிழக நகராட்சிகளில் சொத்து வரி கூடியபோது 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேலான வீட்டுக்கு 100 சதவீதமும் ஏறியது. வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் பெரிய வீடு கட்டியவர்களுக்கு இரண்டு ஊர்களிலும் வரி ஏறுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாள்கூலி அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சவூதி பக்கம் திரும்பினால் வேறு காட்சி. 2017 ஜூலையில் அங்கே, வெளிநாட்டுத் தொழிலாளி தன்னுடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். மாதம் 4,000 ரியால் வாங்கும் ஒருவருக்கு அது மூன்றரை மாதச் சம்பளம். வருமானத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணும் வரி இப்படித்தான் வேலை செய்யும். பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின.

தலையை எண்ணிய இன்னொரு வரியை நம் மண் மறக்கக் கூடாது. இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதி. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனபோது ஆள் எடுத்த மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. முதல் ஆண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே வாழ நினைத்தவர்கள்மேல் 1895-இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரியைச் சட்டமாக்கினார்கள். முதலில் கேட்டது 25 பவுன். இந்திய வைஸ்ராய் பேரம் பேசி மூன்றாகக் குறைத்தார். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், தொடக்கக் கூலியில் ஆறு மாத உழைப்பு. பெண்களுக்குப் பாதிக் கூலிதான், ஆகவே ஒரு பெண்ணுக்கு அது ஓர் ஆண்டுக் கூலி. 1903-இல் பதினாறு வயது மகனையும் பதின்மூன்று வயது மகளையும்கூட எண்ணத் தொடங்கினார்கள். அந்த வரியின் நோக்கம் வருமானம் அல்ல. மறுபடி கரும்புத் தோட்டத்துக்குள் போ, இல்லையென்றால் கப்பல் ஏறு என்று சொல்வதே. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கினார்கள். மறு ஆண்டு, 1914-இல், வரி ஒழிந்தது.

ஆறு மாதக் கூலியையும் பதினான்கு நாள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு வரி நம்மை அந்த ஊரில் ஒருவராகப் பார்க்கிறதா, விரட்டப் பார்க்கிறதா என்பது தெரிந்துவிடும். ஜப்பானின் குடியிருப்பு வரி, அந்நாட்டவருக்கும் அயலவருக்கும் ஒரே வாய்பாடு. அதனால்தான் அதன் கழிவுகளும் நமக்குக் கிடைக்கின்றன.

இப்போது அந்தப் பிறப்புச் சான்றிதழுக்கு வருவோம். நம் வருமானத்தை நம்பி வாழும் உறவினருக்காக ஜப்பான் ஒரு கழிவு தருகிறது. சார்ந்திருப்போர் கழிவு எனலாம். அந்த உறவினர் ஜப்பானில் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திண்டிவனத்தில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் போதும். குடியிருப்பு வரிக் கணக்கில் ஒருவருக்கு 3,30,000 யென் கழிகிறது. இருவருக்கும் கழித்தால் நம் இளைஞரின் 1,16,500 யென் வரி சுமார் 45,000 யென்னாக இறங்கும். பதினான்கு நாள் சம்பளம் ஆறு நாளுக்குள் வந்துவிடும்.

இவ்வளவு தாராளமான கதவுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. முன்பு தூரத்து உறவினரை எல்லாம் எழுதிக் கொடுத்துக் கழிவு வாங்கியவர்கள் உண்டு. அதனால் 2016 முதல் காகிதச் சான்று கட்டாயமாயிற்று. ஒன்று உறவுச் சான்று, இன்னொன்று பணம் அனுப்பிய சான்று. 2023 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: 30 வயதிலிருந்து 69 வரை உள்ள உறவினர் என்றால், படிப்பதற்காக ஜப்பானை விட்டு வெளிநாடு போனவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருந்தாலொழிய, அந்த ஒருவருக்கு மட்டும் ஆண்டில் 3,80,000 யென்னுக்குக் குறையாமல் அனுப்பியிருக்க வேண்டும். எழுபதை எட்டிய பெற்றோருக்கு இந்தக் குறைந்தபட்சத் தொகை இல்லை. அனுப்பியதற்கான சான்று மட்டும் வேண்டும். மனைவிக்கான கழிவு தனி, அதற்கும் இந்த இரண்டு காகிதங்களும் தேவை.

நம் வீட்டுப் பழக்கங்கள் இந்தப் பூட்டில்தான் மாட்டிக்கொள்கின்றன. நாம் பணத்தை மொத்தமாக அப்பா கணக்குக்கு அனுப்புவோம். அம்மா செலவும் அதில்தானே என்போம். ஜப்பானிய அதிகாரிக்கு அது அப்பாவுக்கு அனுப்பியது மட்டுமே. அம்மாவுக்குக் கழிவு கிடையாது. ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்துவிட்ட ரொக்கம் கணக்கிலேயே வராது. உறவுச் சான்றில் இன்னொரு சிக்கல், நம் இனிஷியல். தமிழரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துக்குள் தகப்பன் பெயர் முழுதாக ஒளிந்திருக்கிறது என்பது ஜப்பானியருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு, பிறகு பெயரைச் சேர்க்க மறந்த வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. பெற்றோரின் பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் அரசு தந்த வேறு ஆவணம் துணைக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இன்னொரு விந்தை, ஜனவரி 1. எந்த ஊருக்கு இந்த வரி என்பதை அந்த ஒரே நாள் முடிவு செய்கிறது. ஆண்டின் முதல் நாளில் உங்கள் முகவரி எந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த ஊருக்கே வரி. ஜனவரி 2-ஆம் தேதி வேறு ஊருக்குக் குடிபோனாலும் முழு ஆண்டு வரியும் பழைய ஊருக்குத்தான். ஓர் ஆண்டை ஒரே ஒரு புகைப்படத்தால் அளப்பது போன்ற ஏற்பாடு. ஜப்பானை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிறவருக்கு இது பெரிய விஷயம். டிசம்பர் 31-க்குள் முகவரியை நீக்கிவிட்டுப் புறப்பட்டால், அந்த ஆண்டுச் சம்பளத்துக்குக் குடியிருப்பு வரி இல்லை. ஜனவரி 2 அன்று விமானம் ஏறினால் முழு வரியும் உண்டு. இரண்டு நாளில் பதினான்கு நாள் சம்பளம்! அதே சமயம், முந்தைய ஆண்டு வருமானத்துக்குப் பாக்கி நிற்கும் தவணைகள் இருந்தால் அவை உங்களை விடாது. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே வேலையை விட்டால், மே வரையான தவணைகளைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். ஊருக்கு வந்த பிறகு வரிச்சீட்டு வரும் என்றால், அங்கே இருக்கும் நண்பர் ஒருவரை வரிப் பொறுப்பாளராக எழுதிவைத்துவிட்டு வர வேண்டும். கட்டாமல் விடுவது நல்லதல்ல. நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த வரி ரசீதுகளைத்தான். வரியை வேண்டுமென்றே கட்டாதவரின் வசிப்புரிமையைப் பறிக்கவும் 2024-இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள்.

இந்த வரியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'ஃபுருசாதோ நோஸெய்', சொந்த ஊர் வரி. கிராமம் பிள்ளையைப் பெற்று, படிக்கவைத்து, வளர்க்கிறது. பிள்ளை டோக்கியோவுக்குப் போய்ச் சம்பாதிக்கிறது. வரி டோக்கியோவுக்குப் போகிறது. வளர்த்த ஊருக்கு என்ன மிச்சம்? இந்தக் கேள்விக்கு 2008-இல் ஒரு விடை கண்டார்கள். நாட்டின் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் நன்கொடை கொடுங்கள். ஒரு வரம்புக்குள், 2,000 யென் போக மீதி முழுவதும் உங்கள் வரியில் கழியும். நன்றியாக அந்த ஊர் அரிசியோ மீனோ பழமோ அனுப்பும், நன்கொடையில் முப்பது சதவீத மதிப்புக்கு மேல் போகாமல். சொந்த ஊராக இருக்க வேண்டியதுகூட இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது உண்டு. முப்பது லட்சம் யென் வாங்கும் தனி ஆளுக்கு வரம்பு சுமார் 28,000 யென். 2023 நிதியாண்டில் இப்படி நகர்ந்த பணம் ஒரு லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. யோகோஹாமா போன்ற மாநகரங்கள் வரி போகிறதே என்று வருந்துகின்றன. கடலோரச் சிற்றூர்கள் பள்ளி கட்டுகின்றன.

அப்படி நன்கொடை பெறும் ஊர்களில் திண்டிவனம் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கேள்வி நம்முடையதும்தான். மயிலத்திலும் மரக்காணத்திலும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையின் வரி இன்று நகோயாவுக்குப் போகிறது. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், வெளிநாட்டில் இருப்பவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்கே நேரடியாகப் பணம் அனுப்ப ஒரு வழி.

பிள்ளையை ஜப்பானுக்கு அனுப்பத் தயாராகும் பெற்றோரே, பெட்டி கட்டுவதற்கு முன் அம்மா பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள். முதல் பதினான்கு மாதமும் மாதம் பத்தாயிரம் யென்னைத் தொடாமல் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வெளியே எடுத்து, பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அதில் பெயர் இல்லாவிட்டால், பெயர் சேர்ப்பதற்குக் காலக்கெடு உண்டு; நாளைக் காலையிலேயே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.